காலில் தட்டாத நாற்று

நோங்சிம் ஊரில் நடவைப் பற்றிப் பேச்செடுத்தால் லம்டுவன் பேரைத் தொடாமல் முடிக்க முடியாது. அவள் வயலில் இறங்கிவிட்டால் கூட வருகிறவர்களுக்கு முதுகை நிமிர்த்த நேரம் கிடைக்காது. இடது கையில் நாற்றுக்கட்டு, வலது கை சேற்றில், கால்கள் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், வாயும் ஓயாது. பக்கத்தில் எவனாவது சுருட்டுப் பற்றவைக்க நின்றுவிட்டால், "என்ன தம்பி, நடவுக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?" என்பாள். மாவட்டத்தில் நடவுப் போட்டி வைத்த வருஷம் அவள் ஜெயித்துக்கொண்டு வந்த மின்விசிறி இன்னும் வீட்டில் சுற்றுகிறது. விருந்தாளி வந்தால் அதற்கு முன்னால்தான் உட்கார வைப்பாள், அது பரிசாக வந்தது என்று சொல்லாமல் யாரையும் எழுந்து போக விடமாட்டாள்.

அடக்கம் அவளுக்கு ஒத்துவராது. வரவேண்டும் என்று யார் அழுதார்கள்? கை இருக்கிறவள் சொல்லிக்கொள்ளட்டும்.

அந்தச் சீமையில் நெல் நாற்றைப் பிடுங்குகிற விதம் ஒன்று உண்டு. பிடுங்கிய கையோடு ஒரு காலைத் தூக்கி, கட்டின் வேர்ப்பக்கத்தைப் பாதத்தில் பட் பட் என்று இரண்டு அடி அடிப்பார்கள். சேறு உதிர்ந்து வேர் வெள்ளை வெளேர் என்று வந்துவிடும். சின்ன வயதிலிருந்து செய்து செய்து, கையில் நாற்று என்று ஒன்று வந்தாலே கால் தானாகத் தூக்கும். லம்டுவனின் வலது பாதத்தின் ஓரத்தில் அப்படி அடித்து அடித்தே காய்த்துப்போன ஒரு தழும்பு இருக்கிறது. அதையும் விருந்தாளிகளுக்குக் காட்டுவாள்.

மாவட்ட ஆஸ்பத்திரி, மருந்துக்குக் கஞ்சா வளர்த்துத் தர ஒரு ஊர்க்குழுவைத் தேடியபோது, நோங்சிம் பெண்கள் கை தூக்கினார்கள். வலியில் கண் மூட முடியாதவர்களுக்கும், புற்றுநோயில் சோறு இறங்காதவர்களுக்கும் அங்கே அந்தச் செடியிலிருந்து சொட்டு மருந்து செய்கிறார்கள். குழுவுக்குத் தலைவி யார் என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் லம்டுவனைத்தான் பார்த்தார்கள். பார்த்த கையோடு பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். காரணம் அவள் புருஷன் தவின்.

தவின் ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கஞ்சாச் செடி வைத்திருந்தான். விற்கவில்லை, ஊதவும் இல்லை. கோழிக் குழம்பில் நாலு இலை கிள்ளிப் போட்டால்தான் அவனுக்கு அது குழம்பு. அந்தப் பக்கத்தில் அவன் அப்பன், பாட்டன் எல்லாரும் சாப்பிட்டது அப்படித்தான். ஆனால் அன்றைய சட்டம் குழம்பைப் பார்க்கவில்லை, செடியைத்தான் பார்த்தது. மழைக்காக வாணம் விடுகிற திருவிழா நாள், ஊரே தெருவில் மேளத்தோடு ஆடிக்கொண்டிருந்தபோது, போலீஸ்காரர்கள் அவன் கையில் விலங்கு மாட்டி அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடத்திக்கொண்டு போனார்கள். மேளம் நின்றது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவன் திரும்பி வரும்வரை இரண்டு நடவையும் இரண்டு அறுப்பையும் லம்டுவன் ஒற்றை ஆளாகப் பார்த்தாள். அதற்கப்புறம் ஊருக்கு அவள் 'கஞ்சா வீட்டுக்காரி'.

சட்டம் மாறியது. செடி மருந்தாகிவிட்டது, ஆஸ்பத்திரியே கேட்டு வாங்குகிறது. பேர் மட்டும் மாறவில்லை.

"நடவுல அக்காவை விட்டா யாரு இருக்கா? ஆனா அண்ணன் விஷயம்..." என்று இழுத்தாள் பிகுன். லம்டுவனின் பக்கத்து வயல்காரி, குழுவில் அவளுக்கு அடுத்த ஆள், நாக்கு கொஞ்சம் நீளம்.

"அண்ணன் விஷயம் அண்ணனோட இருக்கட்டும். நடப்போறது என் கை" என்றாள் லம்டுவன்.

முடிவாயிற்று. ஆஸ்பத்திரி ஒரு நிபந்தனை வைத்தது: அந்த மாதிரி வழக்கில் உள்ளே போய் வந்தவர் யாரும் செடி வளர்க்கப் போடுகிற பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது. பந்தலைச் சுற்றிக் கம்பிவேலி போடக் குழி தோண்டியவன் தவின்தான், தூண் நட்டவன் அவன்தான், கம்பியை இழுத்துக் கட்டியவனும் அவன்தான். பலகை மாட்டிய அன்று கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டான். பலகையில் குழுவின் பேருக்குக் கீழே தலைவி என்று லம்டுவன் பேர் எழுதியிருந்தது. அதை அவன் வாய்விட்டு ஒருதரம் படித்தான். பிறகு மாடு அவிழ்க்கப் போனான்.

*

நாற்று வந்தது. ஆஸ்பத்திரி நாற்றுப்பண்ணையில் சின்னச் சின்னக் கப்புகளில் முளைக்க வைத்து, பாதியை முதலில் அனுப்பியிருந்தார்கள். மிச்சம் பாதி பிறகு வரும் என்றார்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு எண் வில்லை. கூடவே வந்தவள் மருந்தாளர் அரண்யா, மெலிந்த பெண், ஒரு இலையைத் தொட்டாலும் அதனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் தொடுவாள்.

ஒரு கப்பைக் கவிழ்த்து உள்ளங்கையில் வாங்கிக் காட்டினாள். மண்ணோடு சேர்ந்து அப்படியே உருண்டையாக வந்தது. "மண் உதிரக் கூடாதும்மா. இதோட வேர் ரொம்ப மெல்லிசு. தொட்டியில நார்த்தூளும் உமிக்கரியும் கலந்து வச்சிருக்கீங்கல்ல, அதுல குழி பறிச்சு அப்படியே இறக்கணும். தண்ணி மிதமா. உரம் இப்போ வேண்டவே வேண்டாம், புது வேர் ஓடின பிறகு பாதி அளவுல ஆரம்பிக்கலாம். செவ்வாய்க்கிழமை நான் வர்றேன், சேர்ந்து நடுவோம்."

பெண்கள் தலையாட்டினார்கள். லம்டுவன் எல்லாரையும்விட அதிகமாகத் தலையாட்டினாள். அத்தனை ஆட்டலில் ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை.

மறுநாளே நல்ல மழை பிடித்தது. அவரவர் வயலில் நெல் நாற்று முற்றிக்கொண்டு நின்றது. பிகுன் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே புலம்பினாள்: "செவ்வா வரைக்கும் இதுக்காக உக்காந்திருந்தா என் வயலை யாருக்கா நடுறது?"

"நடவுதானேடி! இதுக்கு எதுக்கு டாக்டரம்மா?" என்றாள் லம்டுவன். "மத்தியானம் எல்லாரும் வாங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுட்டு அவங்கவங்க வயலுக்குப் போயிடலாம். செவ்வாக்கிழமை அந்தப் பொண்ணு வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கட்டும்."

ஒருத்தி வயலுக்கு ஒருத்தி கைமாற்றாக வேலைக்கு வருகிற மாதிரியே வந்தார்கள். தலையில் துணி, இடுப்பில் உருட்டிச் சாப்பிடுகிற ஒட்டுச்சோற்றுக் கூடை, பப்பாளிக்காய்ப் பச்சடி இடிக்க உரல்கூட வந்தது. லம்டுவன் முதல் கப்பை எடுத்தாள். கவிழ்த்தாள். நாற்றின் தண்டைப் பிடித்தாள். கால் தானாகத் தூக்கியது. பட், பட். மண் உதிர்ந்தது, வேர் வெள்ளையாக வந்தது. பார்க்க என்ன அழகு! தலைவி செய்வதைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். பந்தல் முழுக்க அந்தச் சத்தம்தான். வேரைத் தண்ணீரில் ஒரு அலசு, தொட்டியில் ஒரு குத்து. நெல்லுக்குத் தேங்குகிற மாதிரி தண்ணீர் விட்டார்கள். போகட்டும், பிள்ளைகள் பசியோடு கிடக்க வேண்டாம் என்று யூரியாவும் ஆளுக்கு ஒரு சிட்டிகை தூவினார்கள். சிரிப்பும் பாட்டும் கேலியுமாக அப்படி ஒரு மத்தியானம்.

தவின் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தான். சத்தம் காதில் விழுந்ததும் மாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"தட்டாதீங்க! நிறுத்துங்க! லம்டுவன், அது நெல்லு இல்ல! வேரு செத்துப் போயிடும்!"

பந்தலுக்குள் ஒரு நிமிஷம் கை நின்றது. பிகுன்தான் முந்திக்கொண்டாள். "அடேங்கப்பா! ஜெயில்ல விவசாயமும் சொல்லிக் குடுத்தாங்களா அண்ணே?"

எல்லாரும் சிரித்தார்கள். லம்டுவனும் சிரித்தாள். அத்தனை பேர் முன்னால் அவளுக்கு முகம் சுண்டியது உண்மை, ஆனால் சிரித்தாள். "யோவ், வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் வாயையும் அந்தப் பக்கமே வச்சுக்க. நடவைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவன் கம்பியை விட்டான். மாடு எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டே நடந்துவிட்டான்.

*

காலையில் லம்டுவன் போய்ப் பார்த்தபோது செடிகள் ஒவ்வொன்றும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. வெயிலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள், வெயிலே இல்லை. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் விட்டாள். மறுநாள் இலை நுனி கருகிச் சுருண்டது, தண்டு அடியில் அழுகி ஈரத்துணி மாதிரி மடங்கியது. செவ்வாய்க்கிழமை அரண்யா வந்தபோது காட்டுவதற்குப் பச்சை என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அரண்யா கத்தவில்லை. கத்தியிருந்தால் லம்டுவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், பதிலுக்கு இவளும் கத்தியிருப்பாள். அந்தப் பெண் ஒரு தொட்டியைத் தோண்டி, அழுகிய வேரை விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா மண்ணைத் தட்டினது?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான் முதல்ல தட்டினேன். என்னைப் பார்த்துதான் மத்தவங்க தட்டினாங்க" என்றாள் லம்டுவன். அந்த ஒரு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. பழியை இன்னொருத்தி தலையில் வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

செத்த செடியை அப்படியே தூக்கி எறிய முடியாது. அதிகாரிகள் வந்து வில்லைகளைச் சரிபார்த்து, கண் முன்னால் எரித்தார்கள். அரண்யா போவதற்கு முன் சொன்னாள்: "மிச்ச நாத்து வரும்மா. எங்ககிட்ட இருக்கிறது அவ்வளவுதான். அதுவும் போச்சுன்னா, நோயாளிங்க காத்திருக்காங்க, பந்தலை வேற ஊருக்குக் குடுக்கிறதைத் தவிர எங்களுக்கு வழியில்ல."

அதுகூடப் பரவாயில்லை. எரிந்த சாம்பல் ஆறுவதற்குள் ஊரில் இன்னொரு பேச்சு கிளம்பிவிட்டது. செத்ததெல்லாம் செத்ததுதானா? வேலி பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றானே, கம்பிக்கு நடுவே ஏதாவது கை மாறியிருக்குமோ? நாற்று எல்லாம் வில்லையோடு எரிந்ததை அதிகாரிகளே பார்த்தார்கள். அது போதாதாம். செய்கிறவர்களுக்கு ஆயிரம் வேலை, பேசுகிறவர்களுக்கு வேறென்ன வேலை! லம்டுவன் கடைத்தெருவில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அது அவள் காதில் விழுந்தது. பந்தல் போனால் போகட்டும், அவள் வேறு வேலை செய்து பிழைப்பாள். ஆனால் பந்தல் போனால், தவின் செய்யாத திருட்டு சாகும்வரை அவன் பேரில் நின்றுவிடும். மீனைத் தராசிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

தவின் முற்றத்தில் உட்கார்ந்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. லம்டுவன் வாய் திறக்காத வீட்டில் கோழிகூட மிரண்டு நடந்தது.

சோற்றுக் கூடையைத் திறந்து வைத்துவிட்டு, கடைசியில், "யோவ்" என்றாள்.

"சொல்லு."

"அந்த எழவு செடியை எப்படித்தான் நடுறது?"

"எனக்கென்ன தெரியும்? நான் வேலிக்கு அந்தப் பக்கத்து ஆளு."

"போதும், குத்தாதே. தப்புதான். அத்தனை பேர் முன்னால நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நான் சிரிச்சது அதைவிடப் பெரிய தப்பு."

தவின் மூங்கிலைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் இருந்ததா என்று தேடினாள், இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூடையிலிருந்து சோற்றைக் கிள்ளி உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"பிடி. உதிரக் கூடாது, நசுங்கவும் கூடாது. இப்போ இதை மெதுவா கீழ வை."

"இதுகூடவா தெரியாது எனக்கு? பல்லு முளைச்ச நாள்லேர்ந்து சோறு உருட்டுறேன்."

"அவ்வளவுதான் விஷயம். நாத்து மண்ணோட வரணும், அதை நீ இப்படிப் பிடிக்கணும். நெல்லுக்கு வேரைக் கழுவினாலும் பொழைச்சுக்கும், அது தண்ணிப் பிள்ளை. இதுக்கு வேரு மூச்சு விடணும். தண்ணியில நிக்க வச்சா மூச்சு முட்டிச் சாகும். முதல்ல உரம் வச்சா பொசுங்கிடும், பச்சைப் பிள்ளைக்கு யாராவது காரம் ஊட்டுவாங்களா? இதெல்லாம் அந்த டாக்டர் பொண்ணு சொல்லலையா?"

லம்டுவன் சோற்று உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். "வார்த்தைக்கு வார்த்தை சொல்லிச்சு. நான்தான் காதுல வாங்கல."

அந்த வாரம் முற்றத்தில் இருந்த மிளகாய் நாற்றையெல்லாம் கப்பில் வைத்து மாற்றி மாற்றி நட்டுப் பழகினாள். அறிவுக்குப் புரிந்துவிட்டது. காலுக்குத்தான் புரியவில்லை. குனிந்து நின்று நாற்றைக் கையில் எடுத்த உடனே பாதம் தூக்கிக்கொண்டது. பட்! "ஐயோ, இந்தச் சனியன் பிடிச்ச காலு!" என்று தன் காலையே அடித்தாள். தவின் சிரித்துச் சிரித்துத் தூணில் சாய்ந்துகொண்டான்.

*

மிச்ச நாற்று வந்த அன்று பந்தலுக்குள் வந்த பெண்கள் திகைத்து நின்றார்கள். தொட்டிக்கு ஒரு குட்டை முக்காலி போட்டிருந்தாள் லம்டுவன். ஊரில் துணி துவைக்கிற முக்காலி, பாத்திரம் தேய்க்கிற முக்காலி எல்லாம் அங்கே வந்திருந்தன.

"என்னக்கா இது? உக்காந்து நடவா? சிரிப்பாங்க" என்றாள் பிகுன்.

"சிரிக்கட்டும். குனிஞ்சு நின்னா நம்ம காலு சும்மா இருக்காது. பொறந்ததுலேர்ந்து பழகினது. உக்காந்துட்டா எதைத் தூக்கும்? காலை மடிச்சு அந்தப் பக்கம் வைங்கடி. எவ கால் இந்தப் பக்கம் வருதோ, அந்தக் காலை நான் உடைப்பேன்."

இதை எந்தப் பட்டணத்துப் பாடத்திலும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, தவினும் சொல்லவில்லை. நெல் நட்டு நட்டுக் காலில் தழும்பு வாங்கினவளுக்குத்தான் அது தோன்றும். அரண்யாவும் வந்திருந்தாள். முக்காலிகளைப் பார்த்து முதலில் விழித்தாள். காரணம் கேட்டதும் தானும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் இதை யோசிக்கவே இல்லம்மா" என்று உட்கார்ந்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு நாள் முழுக்கக் கூடவே நட்டாள்.

வேலிக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தவின் உட்கார்ந்திருந்தான்.

"யோவ், முதல் வரிசைக்குக் குழி இவ்வளவு ஆழம் போதுமா?" என்று உள்ளிருந்து கேட்பாள் லம்டுவன், ஊருக்கே கேட்கிற குரலில்.

"தண்டு எவ்வளவு தூரம் மண்ணுக்குள்ள போகுது?"

"முளையிலை வரைக்கும்."

"அப்போ போதும். ஓரத்தை அமுக்காதே. விரலால லேசா தள்ளிவிடு."

ஒருத்திக்குச் சந்தேகம் வந்தால் லம்டுவனைக் கேட்பாள், லம்டுவன் திரும்பி வேலியைக் கேட்பாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நேராகவே வேலியைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பிகுன் மட்டும் வாயைத் திறக்காமல் நட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சோதனைதான் பெரிய சோதனை. ஒன்றும் செய்யாமல் இருப்பது. லம்டுவனை உழைக்கச் சொன்னால் உழைப்பாள், சும்மா இரு என்றால் உடம்பு நமைக்கும். நாற்று அசையாமல் அப்படியே நின்றது. கீழே இரண்டு இலை லேசாக மஞ்சள் கண்டது. உரச்சாக்கு மூலையில் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அவள் கண் அந்தச் சாக்கின்மேல் போய்ப் போய் வந்தது.

"யோவ், பசிக்குது போலிருக்கு. கொஞ்சூண்டு தூவட்டுமா?"

"மேல கொழுந்து எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்கு."

"தொட்டியைத் தூக்கிப் பாரு."

"கனமா இருக்கு."

"அப்போ தண்ணியும் வேண்டாம், உரமும் வேண்டாம். அது வேரை விடுற வேலையில இருக்கு. நீ வீட்டுக்குப் போய் மின்விசிறி போட்டுத் தூங்கு."

தினமும் காலையில் இதே பேச்சு. தொட்டியைத் தூக்கு, கனத்தைச் சொல்லு, கொழுந்தைச் சொல்லு. தூரத்து வரிசை அவன் கண்ணுக்கு எட்டாது. அவள் கண்ணை நம்பித்தான் அவன் சொன்னான், அவன் பேச்சை நம்பித்தான் அவள் செய்தாள். ஒருநாள் காலை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரே ராத்திரியில் எல்லாச் செடிகளும் நிமிர்ந்திருந்தன. கொழுந்து விரல் விரலாக விரிந்திருந்தது. "ஏய்! ஓடிடுச்சுய்யா! வேர் ஓடிடுச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் தவினின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அதற்கப்புறம் அரண்யா எழுதிக் கொடுத்த அளவில் பாதியைத் தண்ணீரில் கரைத்து ஊட்ட ஆரம்பித்தாள். இலை நுனி கருகாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டினாள். செடிகள் இடுப்புயரம் வந்தன. பந்தலுக்குள் நடந்தால் அந்த வாசனை துணியெல்லாம் ஏறியது. அந்தத் துணியோடேயே கடைத்தெருவுக்குப் போய் அன்று தராசில் விட்டுவிட்டு வந்த அதே வகை மீனை வாங்கினாள். முகர்ந்து பார்க்கிறவர்கள் முகர்ந்து பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தாள்.

*

ஆஸ்பத்திரியிலிருந்து பார்வையிட வந்தார்கள். அரண்யாவும் மூத்த அதிகாரி ஒருவரும் ஒவ்வொரு வில்லையாகப் பார்த்துக்கொண்டு கடைசித் தொட்டிவரை போனார்கள். ஒரு செடிகூடக் குறையவில்லை. பந்தல் நோங்சிம்முக்குத்தான் என்று அதிகாரி சொன்னபோது பெண்கள் குலவையிட்டு ஆடினார்கள்.

ஊர் வழக்கப்படி அன்று குவான் என்கிற உயிரை அழைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். மனுஷனோ மாடோ நெல்லோ, பயந்து சிதறிப்போன உயிரைக் கூப்பிட்டு, நிலைத்திரு என்று வெள்ளை நூல் கட்டுவது அவர்கள் வழக்கம். கஞ்சாவுக்குக் குவான் அழைப்பது அதுதான் முதல் தடவை. பந்தலுக்கு நடுவில் பாய் விரித்து, வாழையிலைக் கூம்பு வைத்த தட்டு, அவித்த முட்டை, கோழி, அரிசிச் சாராயம் எல்லாம் வைத்தாயிற்று. மந்திரம் சொல்கிற பெரியவரும் உட்கார்ந்தாயிற்று.

அதிகாரி சந்தோஷமாகக் கேட்டார்: "முதல் தடவை எல்லாம் போச்சுன்னு கேள்விப்பட்டேன். இப்போ இப்படி வளர்த்திருக்கீங்களே, யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

வழக்கமாக அந்த மாதிரிக் கேள்விக்கு லம்டுவன் நெஞ்சை நிமிர்த்தி, என் கை என்பாள். அன்றும் நெஞ்சை நிமிர்த்தினாள்.

"அரண்யா சொல்லிச்சு, நான் கேக்கல. அப்புறம் என் புருஷன் சொன்னான், கேட்டேன். இந்த ஊர்ல இந்தச் செடியை வளர்த்த ஒரே ஆளு அவன். அதுக்காகத்தான் ஜெயிலுக்குப் போனான். அதோ, வெளிய வாளிமேல உக்காந்திருக்கான். உள்ள வரக் கூடாதுன்னு உங்க நிபந்தனை. சரி, நிபந்தனை நிபந்தனைதான். நான் மீறல."

சொல்லிவிட்டுக் குனிந்து தட்டைத் தூக்கினாள். பெரியவர் பதறினார். "ஏய், ஏய், எங்க கொண்டு போறே?"

"செடிதான் வெளிய போகக் கூடாது தாத்தா. குவான் போகலாம்ல? மனுஷங்க போகலாம்ல? எந்திரிங்க."

தட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டி நடந்தாள். அப்புறம் அரண்யா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள். அதிகாரி சாராயப் புட்டியை எடுத்துக்கொண்டார். எல்லாரும் வெளியே வந்து வேலியோரம் புல்லில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். தவின் என்ன செய்வது என்று தெரியாமல் வாளியை நிமிர்த்தினான், மறுபடி கவிழ்த்தான்.

"உக்காருய்யா" என்றாள் லம்டுவன். "கையை நீட்டு."

பெரியவர் மந்திரம் சொன்னார். காட்டில் வழி தவறிய உயிரே வா, சிறையில் தங்கிவிட்ட உயிரே வா, வீட்டுக்கு வா என்று அவராகச் சேர்த்துக்கொண்டார். நூல் கட்டுகிற நேரம் வந்ததும், முதலில் எழுந்து வந்தவள் பிகுன். மண்டியிட்டாள்.

"அண்ணே, என் நாக்கை அறுத்தாலும் தகும்" என்றாள். "அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனப்போ நானும் தெருவுல நின்னேன். ஒரு வார்த்தை பேசல. அப்புறம் பேசினதெல்லாம் பேசக் கூடாத பேச்சு. மன்னிச்சிடுங்கண்ணே."

"கட்டும்மா, கட்டு. முட்டை ஆறிப்போகுது" என்றான் தவின்.

அவள் கட்டினாள். அடுத்தவள் கட்டினாள். சேதி தெரிந்து தெருவிலிருந்தவர்களும் வந்தார்கள், வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார்கள். மேளக்காரன்கூட வந்தான். அந்த மணிக்கட்டுகளில் விலங்கு மாட்டியதை ஊரே நின்று பார்த்தது. இப்போது அதே ஊர் வரிசையில் நின்று அதே மணிக்கட்டுகளில் நூல் கட்டியது. இரண்டு கையிலும் முழங்கைவரை வெள்ளை ஏறிவிட்டது. லம்டுவன் கடைசியாகக் கட்டினாள். கட்டிவிட்டுக் கையை விடவில்லை.

மூன்று நாள் அந்த நூலை அவிழ்க்கக் கூடாது என்பது முறை. தவின் அது தானாக நைந்து விழும்வரை அவிழ்க்கவில்லை. குளிக்கும்போது இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டே குளித்தான்.

வாளி இப்போது அங்கே இல்லை. பிகுனும் அவள் புருஷனும் வேலியோரம் கூரை போட்டு ஒரு பெஞ்சு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் போனால் அவனை அதில் பார்க்கலாம். உள்ளிருந்து லம்டுவனின் குரல் ஊருக்கே கேட்கும்: "யோவ், கடைசி வரிசை கனம் குறைஞ்சிருக்கு. தண்ணி விடட்டுமா?"

"விடு" என்பான்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவள் இன்னும் அந்த மின்விசிறிக்கு முன்னால்தான் உட்கார வைக்கிறாள். ஆனால் மின்விசிறியைப் பற்றிப் பேசுவதில்லை. "இதோ, இவன்தான் என் புருஷன் தவின்" என்கிறாள் முதலில்.